அண்ணன்மார் கருத்து இன்னும் வரவில்லை

ஒரு நாவலைப் படித்துப் பயந்தேன், சிரித்தேன் என்று சொன்னதற்காக வாரியம் என் விரலில் கிளிப் மாட்டிச் சோதித்தது. இதைச் சொன்னால் என் கடைக்கு முடி வெட்ட வருகிறவர்கள், "ஆ-சுன் அக்கா, நல்லா கதை விடுறீங்க" என்கிறார்கள். கதை விட எனக்கு எங்கே நேரம்? காலையிலிருந்து நின்றபடி அடுத்தவர் தலையைக் கழுவிக்கொண்டிருப்பவள் நான்.

தைவானின் வடக்கு ஓரத்தில், மழை விடாத ஒரு துறைமுக ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரர் ஆ-ஹோக் அங்கே கிரேன் ஓட்டுகிறவர். போன கோடையில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இதயக் குழாயில் அடைப்பு, ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் ஆளைப் பார்க்க முடியாது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவர் குறித்துக் கொடுத்த தேதி எங்கள் நிலாக் கணக்குப்படி ஏழாம் மாதத்தில் வந்து விழுந்தது.

ஏழாம் மாதத்தில் எங்கள் ஊரில் யாரும் கல்யாணம் செய்வதில்லை, வீடு மாற்றுவதில்லை, கடலில் இறங்குவதில்லை. பாதாளத்தின் கதவு திறந்து, போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரு மாத லீவில் தெருவில் திரிகிற காலம் அது. அவர்களைப் பேய் என்று வாயால் சொல்லிவிடக் கூடாது. நல்ல அண்ணன்மார் என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும்.

"அண்ணன்மார் ஆஸ்பத்திரி வராந்தாவுல ஆள் பிடிக்க நிக்கிற மாசம். இப்பப் போயி நான் நெஞ்சத் திறந்து காட்டணுமாக்கும்?" என்றார் ஆ-ஹோக். காற்றில் ஆடுகிற கிரேன் உச்சியில் உட்கார்ந்து சோறு தின்கிற மனிதர் இவர்!

அவருக்குக் கொஞ்சம் தைரியம் வரட்டும் என்றுதான் நூல்நிலையத்திலிருந்து அந்த நாவலை எடுத்து வந்தேன். பெயர் 'நாலாம் மாடியில் லிஃப்ட் நிற்கும்'. எங்கள் பேச்சில் நாலும் சாவும் ஒரே மாதிரி ஒலிப்பதால் நாலு என்றாலே சாவு ஞாபகம் வரும். அதனால் பல கட்டடங்களில் மூன்றாம் மாடிக்கு மேல் ஐந்தாம் மாடிதான். இந்த நாவலில் வருகிற கட்டடமும் அப்படித்தான். ஆனால் லிஃப்ட் மட்டும் தினம் ஒருமுறை நாலில் நிற்கிறது. அங்கே குடியிருக்கிற அண்ணன்மார், குப்பை வண்டியின் பாட்டு கேட்டதும் நம்மைப் போலவே பையைத் தூக்கிக்கொண்டு செருப்பு மாட்டக்கூட நேரமில்லாமல் ஓடி வருகிறார்கள். இது சிரிப்பு. குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் ஒருவர் ஏற்கெனவே செத்தவர், அது அவருக்கே தெரியாது. இது பயம். யார் அது என்பதுதான் கதை.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து தினமும் வாசித்துக் காட்டினேன். ஆ-ஹோக் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொள்வார், அடுத்த நிமிஷம் போர்வைக்குள்ளிருந்து வெடித்துச் சிரிப்பார். நோய் வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் செத்தது ப்ளம்பர்தான் என்று அவர் அடித்துச் சொன்னார். நான் பியானோ டீச்சர் என்றேன். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி.

"இந்தா பாரு, செத்தது யாருன்னு தெரியாம நான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

"சின்னப் பிள்ளையாட்டம் பேசாதீங்க."

"போட மாட்டேன்னா போட மாட்டேன். உள்ள போயி நான் திரும்பி வரலன்னா, அது ப்ளம்பர்தானான்னு யாருகிட்டப் போயிக் கேக்க?"

மனிதர் சாக்குத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். சரி, ஒரு அத்தியாயம்தானே, முடித்துவிட்டால் சாக்கும் முடிந்தது என்று நினைத்தேன். புத்தகத்துக்கு அன்றோடு தவணை முடிந்ததால், நூல்நிலையம் மூடுவதற்குள் நாள் நீட்டித்து வந்து வாசிக்கலாம் என்று கிளம்பினேன். அங்கேதான் வாரியத்தின் கையில் மாட்டினேன்.

வாரியம் என்றால் வாசகர் கருத்து ஒழுங்கு வாரியம். முன்பெல்லாம் எங்கள் ஊரில் ஆளாளுக்கு மனசுக்குத் தோன்றிய கருத்தை வைத்துக்கொண்டிருந்தார்களாம். அதை ஒழுங்குக்குக் கொண்டுவர மூன்று மாடிக் கட்டடம் கட்டி, நூல்நிலையத்தையும் அதன் கீழ்த்தளத்தில் அடக்கிவிட்டார்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் நாள் நீட்டினாலும் கருத்துச் சொல்லியாக வேண்டும்.

"கருத்து?" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"நல்லா பயந்தேன். நல்லா சிரிச்சேன்."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க அக்கா."

"ரெண்டும்தாம்மா."

"ரெண்டுக்கும் சேத்து பட்டன் இல்ல."

"பட்டன் இல்லங்கிறதுக்காக நான் பயப்படாம இருக்க முடியுமா?"

அவள் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "முரண்பட்ட கருத்து. தீர்ப்பு வர்ற வரைக்கும் புத்தகம் நிறுத்திவைப்பு. முதல் மாடிக்குப் போங்க."

"கடைசி அத்தியாயத்த மட்டும் இங்கயே நின்னு படிச்சுக்கிறேனே?"

"நிறுத்திவச்ச புத்தகத்தப் படிச்சா, நிறுத்திவைக்காத மாதிரி ஆயிடும்."

கடைகளில் வாங்கலாம் என்று போனால், வாரியத்தில் வழக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஊரில் உள்ள இரண்டு புத்தகக் கடைக்காரர்களும் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் முதல் மாடி ஏறினேன்.

முதல் மாடியில் அச்சப் பிரிவு. அதன் அதிகாரி திருமதி தேங் என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். கிளிப்பிலிருந்து போன ஒயர் ஒரு பெட்டிக்குள் நுழைந்தது. பெட்டியின் தலையில் பச்சைப் பொட்டலத்தில் மக்காச்சோளப் பொரி. எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி, பாங்க், போலீஸ் எங்கே போனாலும் இயந்திரத்தின் தலையில் இந்தப் பச்சைப் பொட்டலம் உட்கார்ந்திருக்கும். அது இருந்தால் இயந்திரம் சமர்த்தாக வேலை செய்யும். தேதி காலாவதியானால் முரண்டு பிடிக்கும்.

திருமதி தேங் நாவலிலிருந்து ஒரு பயங்கரமான பக்கத்தை, பஸ் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற குரலில் வாசித்தார். பெட்டியைப் பார்த்தார்.

"ஒண்ணுமே காட்டல. உங்களுக்கு அச்சம் வரல."

"மேடம், பெட்டியில லைட்டே எரியலயே."

அவர் பொட்டலத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். "அட, தேதி முடிஞ்சுபோச்சு" என்று சொல்லி, அலமாரியைத் திறந்து புதுப் பொட்டலம் எடுத்து வைத்தார். பெட்டி அப்படியே இருந்தது.

"பொட்டலம் புதுசு. அப்ப குறை உங்ககிட்டதான்."

"பேட்டரி இருக்கா மேடம்?"

"பேட்டரி வாங்குறது கொள்முதல் பிரிவு. எங்க பிரிவுக்குப் பொட்டலம் மட்டும்தான். பெட்டி வந்த நாள்லேருந்து யாருக்கும் அச்சம் காட்டினதில்ல. இந்த ஊர் எவ்வளவு தைரியமான ஊர்னு நாங்க வருஷா வருஷம் அறிக்கை குடுக்கிறோம்" என்றார் பெருமையாக.

இரண்டாம் மாடியில் நகைப் பிரிவு, அதாவது சிரிப்பை விசாரிக்கிற இடம். அதிகாரி யூ என்பவரின் முகத்தைப் பார்த்தால் யார் வீட்டிலோ சாவு என்று தோன்றும். அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பை இரண்டு சாட்சிகள் முன்னால் சிரித்துக் காட்டச் சொன்னார்.

"சும்மா எப்படி சார் சிரிப்பு வரும்?"

"அப்ப அந்தக் காட்சியச் சொல்லுங்க."

அண்ணன்மார் குப்பைப் பையோடு ஓடி வருகிற காட்சியை நடித்தே காட்டினேன். சாட்சிகளில் ஒருவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். யூ கடைசிவரை கேட்டுவிட்டு, "அது தரம் பிரிச்ச குப்பையா?" என்றார்.

"சார், நீங்க சிரிக்கவே மாட்டீங்களா?"

"நான் சிரிச்சா நானே கருத்துச் சொன்ன மாதிரி ஆயிடும். நகைப் பிரிவுக்கு வந்த நாள்லேருந்து வீட்டுலகூடச் சிரிக்கிறதில்ல. பெண்டாட்டி பழகிக்கிட்டா."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. ஆஸ்பத்திரியில் என் மனிதர் நாளை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறார், இங்கே இவர்கள் என் சிரிப்பை எடைபோட்டுக்கொண்டிருக்கிறார்கள்! "நல்லா கேட்டுக்குங்க சார்" என்று கத்தினேன். "உங்களால எங்க ஆள் ஆபரேஷனுக்குப் போகாம போய்ச் சேந்தார்னு வைங்க, இதே ஏழாம் மாசம் அண்ணன்மாரோட அண்ணன்மாரா வந்து, இதே நாற்காலியில உக்காந்து கருத்துச் சொல்வாரு! அப்ப அவர் விரல்ல மாட்டுங்க உங்க கிளிப்ப!"

யூவின் பேனா நின்றது. சாட்சிகளைப் பார்த்தார். சாட்சிகள் அவரைப் பார்த்தார்கள்.

"அண்ணன்மார் கருத்து..." என்றார் மெதுவாக. "அத நாம வாங்கவே இல்லயே!"

என் வாயை நானே குத்திக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று சாயங்காலமே தலைவர் ஔயாங் அவசரக் கூட்டம் கூட்டினார். வாசகர் தரப்பு என்று என்னையும் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள்.

தலைவர் எழுந்தார். "நண்பர்களே, இந்த நாவல் யாரப் பத்தினது? அண்ணன்மாரப் பத்தினது. சம்பந்தப்பட்டவங்கள ஒரு வார்த்த கேக்காம, இவ்வளவு நாள் உயிரோட இருக்கிறவங்க கருத்த மட்டும் வாங்கியிருக்கோம். எவ்வளவு பெரிய ஓரவஞ்சனை! இந்த வாரியம் பிறந்ததுலேருந்து நான்தான் தலைவர். ஒரு தரப்புப் பக்கம் சாஞ்சேன்னு யாராவது சொல்ல முடியுமா? நடுநிலை கெட்டுடக் கூடாதுன்னு இதுவரைக்கும் நான் ஒரு புத்தகத்தக்கூடத் திறந்ததில்ல."

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. திருமதி தேங் தானும் திறந்ததில்லை என்றார். உரக்க வாசித்தது கடமைக்காக, அதைக் கவனிக்கவில்லை என்று விளக்கமும் கொடுத்தார். அண்ணன்மாருக்கு வாரியத்தின் வாசலில் படையல் போட்டு, கட்டை உருட்டிக் கருத்துக் கேட்பது என்று தீர்மானம் நிறைவேறியது. அவர்கள் குறித்த நாள், ஆபரேஷனுக்கு முந்தின நாள்.

அன்று மத்தியானம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. மேஜையில் பன்றி இறைச்சி, முழுக் கோழி, பீர், உடனடி நூடுல்ஸ், பிஸ்கட் என்று அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஊதுவத்தி குத்தியிருந்தார்கள். தூரத்திலிருந்து வருகிற அண்ணன்மார் முகம் கழுவிச் சீவிக்கொள்ள மேஜைக்குக் கீழே தண்ணீர்ப் பாத்திரம், துண்டு, சீப்பு, கண்ணாடி வைப்பது வழக்கம். முடிதிருத்துகிறவள் என்பதால் அதை என் தலையில் கட்டியிருந்தார்கள். பாத்திரத்துக்குப் பின்னால் என் போனையும் ஸ்பீக்கரில் போட்டு வைத்தேன். மறுமுனையில் ஆ-ஹோக். இங்கே நடக்கிற கூத்தை நான் போய்ச் சொன்னால் நம்ப மாட்டார், தன் காதாலேயே கேட்கட்டும் என்றுதான். சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தத் தேதியை வேறு நோயாளிக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

கட்டை உருட்டுவது எங்களுக்குப் புதிதில்லை. பிறைநிலா வடிவத்தில் இரண்டு மரத்துண்டு. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. கேள்வி கேட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டை, ஒன்று உருண்டையாக விழுந்தால் ஆமாம். இரண்டும் உருண்டை மேலே பார்த்து விழுந்தால் இல்லை. இரண்டும் தட்டை மேலே பார்த்தால் சிரிப்பு. கேட்கப்பட்டவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று அர்த்தம்.

யூ கட்டையைக் கையில் ஏந்தி, "மரியாதைக்குரிய அண்ணன்மாரே, மேற்படி நாவல் குறித்து உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுப் போட்டார்.

சிரிப்பு.

"ஆட்சேபணை இல்லையா?"

சிரிப்பு.

"கருத்துச் சொல்ல விருப்பம் உண்டா?"

மறுபடியும் சிரிப்பு. யூவின் முகம் மலர்ந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார். "தலைவரே, மூணு தடவ சிரிச்சிருக்காங்க. இது நகைப் பிரிவுக்கு வர வேண்டிய புத்தகம்."

"அதெப்படி?" என்று பாய்ந்தார் திருமதி தேங். "சிரிப்பு விழுந்தா கேள்வி சரியில்லன்னு அர்த்தம். உங்களுக்குக் கேக்கவே தெரியல!"

"பெட்டிக்கு மேல பொரி வைக்கிறவங்க எனக்குச் சொல்லிக் குடுக்க வேண்டாம்!"

தலைவர் கையை உயர்த்தினார். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். "எனக்கு விளங்கிடுச்சு. புத்தகத்தப் படிக்காதவங்ககிட்டப் போயி கருத்துக் கேட்டா சிரிக்காம என்ன செய்வாங்க? முதல்ல அவங்களுக்குப் புத்தகத்த அனுப்பிவைங்க."

அனுப்புவது என்றால் எங்கள் ஊரில் ஒரே வழிதான். காகிதப் பணமோ காகித வீடோ எரித்தால்தான் அங்கே போய்ச் சேரும். அதற்காக மேஜைக்குப் பக்கத்தில் வைத்திருந்த உலை ஏற்கெனவே தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. கவுண்டர் பெண் நாவலை இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள். கடைசி அத்தியாயம் போனால் கையெழுத்து போச்சு. கையெழுத்து போனால் என் மனிதர் போவார்.

"தலைவரே, நில்லுங்க!" என்று குறுக்கே பாய்ந்தேன். "நம்ம ஊர் அண்ணன்மார்ல பாதிப் பேரு அந்தக் காலத்துல மீன் படகோட போனவங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்க. அவங்க கையில புத்தகத்தக் குடுத்து 'படி'ன்னா அவமானப்படுத்துற மாதிரி இல்லையா? கோவிச்சுக்கிட்டு இங்கயே தங்கிட்டாங்கன்னா?"

ஏழாம் மாதத்தில் அண்ணன்மாரைக் கோபப்படுத்துகிற அதிகாரி இன்னும் பிறக்கவில்லை.

"வாசிச்சுக் காட்டிட்டு அனுப்பலாம்" என்றேன்.

"முழுசுமா?" தலைவர் மேகத்தைப் பார்த்தார்.

"கடைசி அத்தியாயம் போதும். அதுக்கு முன்னால நடக்கிறதெல்லாம் அவங்களுக்கே தெரிஞ்ச விஷயம்தான்."

அனுமதி கிடைத்தது. மேஜையை ஒட்டி நின்று, போனுக்குக் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தேன்.

நாவலில் சங்கக் கூட்டம் நடக்கிறது. செத்தது யாரென்று கண்டுபிடிக்க ஒரு கண்ணாடியைக் கைமாற்றி அனுப்புகிறார்கள். மூச்சு பட்டு ஆவி படியாவிட்டால் அவர்தான் செத்தவர். ப்ளம்பர் ஊதுகிறார், ஆவி படிகிறது. பியானோ டீச்சர் ஊதுகிறாள், ஆவி படிகிறது. கண்ணாடி சங்கத் தலைவரிடம் வருகிறது. "கண்ணாடி இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை" என்று அதை ஒதுக்கிவிட்டு அவர் அடுத்த பொருளுக்குப் போகிறார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லிஃப்டில் இறங்கி வந்த நாலாம் மாடிப் பெண் கதவோரம் நின்று சொல்கிறாள்: "அவரா? அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. கூட்டத்தின் நடுவில்தான் போனார். நிரல் முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள். நிரல் இன்னும் முடியவில்லை."

அப்போது மேஜைக்குக் கீழேயிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது.

தண்ணீர்ப் பாத்திரம் அதிர்ந்தது. "தலைவனா! அட, தலைவனேதானா! செத்தது தெரியாமலே கூட்டம் நடத்திக்கிட்டிருக்கான்!" என்று இரைந்து, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தது அந்தக் குரல்.

திருமதி தேங் அலறியபடி தெருவைப் பார்த்து ஓடினார். சாட்சிகள் படியேறி ஓடினார்கள். யூவும் ஓடினார், ஆனால் ஓடும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அடக்க முடியாமல் கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டே ஓடினார்.

தலைவர் ஔயாங் மட்டும் நின்றார். முகத்தில் ரத்தமில்லை. படையலின் அச்ச அளவைக் குறிக்க அச்சப் பிரிவு கொண்டுவந்து வைத்திருந்த பெட்டியைப் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கிளிப்பை எடுத்துத் தன் விரலில் மாட்டினார். வெகுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றுமே வரவில்லை.

"இது... சரியா வேலை செய்யுதா?" என்று கேட்டார்.

"பொட்டலம் புதுசுதான் தலைவரே" என்றேன்.

அவர் போன பிறகு, சொன்ன சொல் தவறக் கூடாதென்று புத்தகத்தை நானே உலையில் இட்டேன். போனை எடுத்துக் காதில் வைத்தேன். "பேனா எங்க வச்சிருக்க?" என்றார் ஆ-ஹோக்.

மறுநாள் காலை அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். "பயமா இருக்கா மாமா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"பயமாவும் இருக்கு, சிரிப்பாவும் இருக்கு."

ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறாளே என்று எனக்குத் திக்கென்றது. "எல்லாருக்கும் அப்படித்தான் மாமா" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்த ஒரு வார்த்தைக்காக வராந்தாவில் நின்று வாய்விட்டு அழுதேன்.

ஆ-ஹோக் தேறிவிட்டார். செத்தது ப்ளம்பராக இருந்திருந்தால் கதை இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் சொல்கிறார். வாரியமும் தீர்ப்பு வழங்கிவிட்டது. நாவலின் புதுப் பிரதியைத் தேடுகிறவர்கள் அச்சம் அலமாரியிலோ நகை அலமாரியிலோ தேட வேண்டாம். நிர்வாகம் என்ற அலமாரியில் இருக்கிறது.

போன வாரம் தலைவர் ஔயாங் என் கடைக்கு வந்தார். இளைத்திருந்தார். தலை கழுவுகிற நாற்காலியில் சாய்ந்தார். குழாயைத் திறந்துவிட்டு, "தண்ணி சூடு சரியா இருக்கா தலைவரே?" என்று கேட்டேன். பதில் இல்லை. சூட்டைக் கொஞ்சம் கூட்டினேன். காது மடல் சிவந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். நெற்றி வியர்த்தது, கால் விரல்கள் மடங்கின.

"சூடா இருக்கா இல்லையா, சொல்லுங்க தலைவரே!"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வாரியம் கூடட்டும்" என்றார்.